பெரணி இலையின் அடியில் பழுப்புப் புள்ளிகள்: பூச்சியா, நோயா?

முதலில் அந்த வேப்பெண்ணெய் அடிப்பதை நிறுத்துங்கள். ஏற்காட்டிலிருந்து வாங்கி வந்த பெரணி ஒன்றரை வருடமாக ஒரு பூக்கூடப் பூக்கவில்லை, இப்போது இலைகளுக்கு அடியில் வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள், தட்டினால் காபித்தூள் மாதிரி கொட்டுகிறது, இது பூச்சியா பூஞ்சையா, தண்டும் இல்லாமல் பூவும் இல்லாமல் வெறும் இலையாக நிற்கிற செடி எப்படித்தான் பெருகுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் செடிக்கு நோய் எதுவும் இல்லை. வயதுக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

சந்தேகம் வருவது நியாயம்தான். செதில் பூச்சியும் பழுப்பாக, புள்ளி புள்ளியாகத்தான் ஒட்டியிருக்கும். ஆனால் பூச்சி காம்பு, நரம்பு, இலையின் இரண்டு பக்கம் என்று கண்ட இடத்தில் உட்காரும். நகத்தால் நெம்பினால் ஓடு கழன்று வரும், இலை பிசுபிசுக்கும், எறும்பு ஏறும். பெரணியின் சொந்தப் புள்ளி இலையின் அடிப்பக்கத்தில் மட்டும் இருக்கும், அதுவும் கோலப்புள்ளி வைத்ததுபோல நரம்புக் கணக்குப்படி ஒரே இடைவெளியில். தாவரவியல் படிக்கப் போவதற்கு முன்னால் நானே வீட்டுப் பெரணியைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவியவன். செடி பிழைத்துக்கொண்டது. அந்த வருடத்துத் தூள்தான் வீணாகப் போனது.

நகை ஆசாரிகள் வைத்திருப்பதுபோல பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ் கிடைத்தால் ஒரு புள்ளியை உற்றுப் பாருங்கள். தொட்டிகளில் விற்கும் பெரணிகளில் பெரும்பகுதி நெப்ரோலெப்பிஸ் இனம். நீங்கள் சொல்லும் அடையாளமும் அதற்கே பொருந்துகிறது. அதில் ஒவ்வொரு புள்ளிக்கும் மேலே சிறுநீரக வடிவில் ஒரு மெல்லிய சவ்வு மூடி இருக்கும். அதன் ஓரத்திலிருந்து கடுகைவிடப் பல மடங்கு சிறிய உருண்டைகள் கொத்தாக எட்டிப் பார்க்கும். கொத்துக்கு சோரஸ் என்று பெயர், மூடிக்கு இண்டூசியம். ஒவ்வொரு உருண்டையும் ஒரு ஸ்போர் பை. ஸ்போர் என்பது பெரணி பெருகுவதற்கான அந்தத் தூளின் ஒரு துகள். இளசாக இருக்கும்போது எல்லாம் வெளிறிய பச்சை. பழுத்ததும் பழுப்பாகிறது, அப்போதுதான் நம் கண்ணில் படுகிறது.

எல்லாப் பெரணிக்கும் இந்த அமைப்பு ஒன்றுபோல இருக்காது. கறுத்த கம்பிபோன்ற காம்போடு அடியாண்டம் என்று விற்கிறார்களே, அதற்குத் தனி மூடி கிடையாது. இலையின் ஓரமே பின்பக்கம் மடங்கி மூடியாகிவிடும். பழைய கிணற்றுச் சுவர்களில் வளரும் டெரிஸ் பெரணியில் புள்ளியே இல்லை, ஓரம் முழுக்க ஒரே பழுப்புக் கோடு. அதனால் பெரணி தெரிந்தவரிடம் இலையைக் கொடுத்தால் முதலில் திருப்பித்தான் பார்ப்பார். மலைப்பக்கத்துப் பிள்ளைகள் ஒரு பெரணி இலையைக் கையில் அழுத்தி வெள்ளை அச்சு பதித்து விளையாடுவார்கள். அந்த வெள்ளை ஸ்போர் இல்லை, நோயும் இல்லை. இலை தானே சுரக்கும் மெழுகுபோன்ற மாவு அது.

கிணற்றுச் சுவர் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. அங்கே வளரும் டெரிஸ் விட்டாட்டா என்ற வகை மண்ணிலிருந்து ஆர்சனிக்கை உறிஞ்சித் தன் இலையில் குவித்து வைக்கும். மற்ற செடிகளைக் கொல்லும் அளவு சேர்ந்தாலும் இது செழிப்பாக நிற்கும். 2001 இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், மரத்துக்கு ரசாயனம் ஏற்றிய பழைய இடம் ஒன்றில் இதைக் கண்டறிந்தார்கள். எங்கோ சுவரில் முளைத்த பெரணியைப் பறித்து கஷாயம் வைக்காதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

சரி, தூளுக்கு வருவோம். மைக்ராஸ்கோப் உள்ள பள்ளி ஆசிரியர் யாராவது தெரிந்தவராக இருந்தால் இந்த ஒரு காட்சியைப் பார்க்காமல் விடாதீர்கள். பழுத்த புள்ளியை ஊசிமுனையால் சுரண்டி, தண்ணீர் விடாமல் கண்ணாடித் துண்டில் போட்டு, விளக்கின் சூடு படும்படி வையுங்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது. அப்புறம் ஒரு உருண்டை வாய் பிளந்து மெதுவாகப் பின்னால் வளையும், வளைந்து கொண்டே போகும், சட்டென்று முன்னால் அடித்து மொத்தத் தூளையும் வீசிவிடும். அடுத்த உருண்டை, அதற்கடுத்தது என்று சோளம் பொரிவதுபோல வரிசையாக வெடிக்கும்.

உருண்டையின் முதுகில் 12, 13 தடித்த செல்கள் கொண்ட வளையம் ஒன்று ஓடுகிறது. அந்தச் செல்களுக்கு உட்சுவரும் பக்கச்சுவரும் தடிப்பு, வெளிச்சுவர் மட்டும் மெல்லிசு. வெயில் காய்ந்தால் மெல்லிய சுவர் வழியாகத் தண்ணீர் ஆவியாகும். மிச்சமிருக்கும் தண்ணீர் சுவர்களை விடாமல் உள்ளே இழுக்கும். எல்லாச் செல்லும் சேர்ந்து இழுக்கும்போது வளையம் பின்பக்கமாக நிமிர்ந்து, உருண்டை கிழிந்து திறக்கும். உண்டிவில்லில் ரப்பரை இழுத்துப் பிடித்த நிலை அது. ஒரு கட்டத்தில் தண்ணீர் தாங்காமல் அறுந்து செல்லுக்குள் குமிழி உண்டாகும். இழுவிசை போனதும் வளையம் பழைய இடத்துக்குப் பாயும். ஸ்போர் கிளம்பும் வேகம் விநாடிக்கு சுமார் 10 மீட்டர், தெருவில் போகும் ஸ்கூட்டரின் வேகம். கண்ணுக்கே தெரியாத பொருளுக்கு இது பெரிய வேகம். உண்டிவில்லில் ரப்பர் போய் நிற்க ஒரு கவை இருக்கிறது, இதில் அது கிடையாது. வளையம் மட்டும் பாதி வழியில் எப்படி நிற்கிறது என்பது 2012 இல்தான் விளங்கியது. செல்சுவரின் நுண்துளைகளில் இருக்கும் நீர் அவசரத்துக்கு நகராது, அதுவே தடையாக நின்றுவிடுகிறது.

ஒரு உருண்டைக்குள் பெரும்பாலும் 64 ஸ்போர்கள். ஒரு புள்ளியில் 50 உருண்டை என்று வைத்துக்கொண்டால் புள்ளிக்கு 3,200. உங்கள் செடியில் எத்தனை புள்ளி என்று எண்ணிப் பெருக்கிக்கொள்ளுங்கள். இவ்வளவு லேசான தூள் காற்றில் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இந்தோனேசியாவின் கிரக்கட்டோவா எரிமலைத் தீவு சாட்சி. 1883 இல் அந்த எரிமலை வெடித்து, எஞ்சிய தீவு சாம்பலால் மூடிப்போனது. மூன்றே வருடம் கழித்து 1886 இல் டச்சுத் தாவரவியலாளர் மெல்ச்சியோர் ட்ரூப் அங்கே போய் இறங்கியபோது 11 வகைப் பெரணிகள் முளைத்து நின்றன.

இவ்வளவு தூரம் படித்துவிட்டு "அப்போ ஸ்போர் என்றால் விதைதானே" என்று கேட்பீர்கள். எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. விதைக்குள் ஒரு குழந்தைச் செடி தயாராக இருக்கும், கூடவே கட்டுச்சோறும் இருக்கும். மாங்கொட்டையை நட்டால் மாமரம் வரும். ஸ்போர் என்பது ஒரே ஒரு செல். அதுவும் பாதிக் குரோமோசோம் உள்ள செல். நெப்ரோலெப்பிஸ் இலையின் செல்லில் 82 குரோமோசோம் என்றால் ஸ்போரில் 41. அதை விதைத்தால் பெரணி வராது. வேறொரு செடி வரும்.

அந்த வேறொரு செடியைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவு நீட்டுகிறேன். ஈரமான இடத்தில் விழுந்த ஸ்போர் முதலில் பச்சை நூலாக நீண்டு, பிறகு தட்டையாக விரிந்து, விரல் நகத்தைவிடச் சிறிய இதய வடிவத் தகடாகிறது. பெயர் புரோதாலஸ். தண்டு, இலை, உண்மையான வேர் எதுவும் கிடையாது. அடியில் சில ரோமங்கள் மண்ணைப் பிடித்திருக்கும். ஓரங்களில் ஒரே ஒரு செல் அடுக்குத்தான், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் ஊடுருவித் தெரியும். ஆனால் பச்சையம் இருக்கிறது, தன் சாப்பாட்டைத் தானே சமைத்துக்கொள்கிறது. யாருக்கும் கடன்படாத தனிச் செடி. ஆணும் பெண்ணும் இதில்தான். உங்கள் தொட்டியில் நிற்கும் பெரிய பெரணிக்கு ஆணும் கிடையாது பெண்ணும் கிடையாது. அது பூக்கவில்லை என்று நீங்கள் வருத்தப்பட்டதில் பொருளே இல்லை, கல்யாணம் நடக்கும் வீடே வேறு.

தகட்டின் அடியில், ரோமங்களுக்கு நடுவே ஆண் உறுப்புகள். இதயத்தின் பள்ளத்துக்குப் பக்கத்தில் கழுத்து வைத்த குடுவைபோலப் பெண் உறுப்புகள், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு கருமுட்டை. மழைத்துளியோ பனியோ தகட்டின் அடியில் ஒரு நீர்ப்படலம் போட்டதும் ஆண் உறுப்பு வெடித்து விந்தணுக்கள் வெளியே வரும். அவை ஸ்பிரிங் மாதிரிச் சுருண்டவை. ஒவ்வொன்றிலும் டஜன் கணக்கில் இழைகள், அவற்றை அடித்து நீந்தும். ஆமாம், செடியின் விந்தணு நீந்துகிறது. வழி காட்ட மேலிக் அமிலம் இருக்கிறது, ஆப்பிளுக்குப் புளிப்பைத் தருவதும் அதே அமிலம்தான். ஜெர்மானியரான வில்ஹெல்ம் ஃபெஃபர் 1884 இல் கண்ணாடிக் குழலில் அந்த அமிலத்தை நிரப்பி வைத்தார், பெரணியின் விந்தணுக்கள் குழலைத் தேடி வந்து குவிந்தன.

நீந்த வேண்டிய தூரம் சில மில்லிமீட்டர். கடலைக் கடக்கத் தெரிந்த செடிக்கு அந்தச் சில மில்லிமீட்டருக்குத் தண்ணீர் இல்லாவிட்டால் வம்சம் இல்லை. பெரணிகள் ஓடைக்கரை, கிணற்றுச் சுவர், மலைச்சாரல் என்றே சுற்றிக்கொண்டிருப்பதற்கு முக்கியக் காரணம் இந்த ஒரு நாள் நீச்சல்தான். வளர்ந்த பெரணிக்கு வறட்சி தாங்காது என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. நம் காய்ந்த பாறை இடுக்குகளில் மயிற்சிகை என்ற குட்டிப் பெரணி கோடை முழுக்கச் சருகாகச் சுருண்டு கிடந்து, மழை பட்டதும் விரிந்து பச்சையாகும்.

இன்னொரு தந்திரமும் உண்டு. முதலில் முளைத்துப் பெரிதான தகடு ஒரு வேதிப்பொருளைச் சுற்றிலும் கசியவிடும். பக்கத்தில் பிந்தி முளைத்த சின்னத் தகடுகள் அதை உணர்ந்ததும் பெண் ஆவதை விட்டுவிட்டு ஆணாகவே மாறிவிடும். மூத்தவள் தன் தெருவுக்கே மாப்பிள்ளைகளைத் தயாரித்து வைத்துக்கொள்வதாக வகுப்பில் சொல்வேன், பிள்ளைகள் மறக்க மாட்டார்கள். சுற்றிலும் யாருமே இல்லாவிட்டால் ஒரே தகட்டின் ஆணும் பெண்ணும் சேர்ந்துகொள்வதும் பல வகைகளில் நடக்கும். கிரக்கட்டோவா மாதிரித் தீவில் ஒற்றை ஸ்போர் குடியேறி வம்சம் தொடங்க முடிவது அதனால்தான்.

கருவுற்ற முட்டையில் குரோமோசோம் மறுபடியும் 82. அது கொஞ்ச நாள் தகட்டிடம் பால் குடிப்பதுபோல உணவு வாங்கி வளர்ந்து, இதயத்தின் பள்ளம் வழியாக முதல் இலையை நீட்டும். பெரணி இலை போலவே இருக்காது, எளிமையான சின்ன இலை. வேர் மண்ணைப் பிடித்ததும் தகடு வாடிப்போகும். இப்படி இரண்டு தனித்தனிச் செடிகள் மாறி மாறி வருவதுதான் ஒரு பெரணியின் முழு வாழ்க்கை. பாசியினச் செடிகளில் தகட்டுப் பாதி பெரிதாகவும் மற்றது அதன்மேல் ஒட்டியும் வாழும். பூக்கும் செடிகளில் தகட்டுப் பாதி பூவுக்குள்ளே சில செல்களாக ஒடுங்கிவிட்டது. இரண்டும் பிரிந்து தனிக்குடித்தனம் நடத்துவது பெரணிக் கூட்டத்தில்தான்.

மனிதர்களுக்கு இது புரியவே வெகுகாலம் ஆனது. ஐரோப்பாவில் பெரணிக்குக் கண்ணுக்குத் தெரியாத விதை உண்டு, அதைச் சேகரித்து வைத்திருப்பவரும் கண்ணுக்குத் தெரியாமல் போவார் என்று நம்பினார்கள். தகட்டில் பெண் உறுப்பும் கருவுறுதலும் நடப்பதை 1848 இல் லெஷ்சிட்ஸ் சுமின்ஸ்கி என்ற போலந்துப் பிரபு காட்டினார். 1851 இல் ஜெர்மானியரான ஹோஃப்மைஸ்டர், இப்படி இரண்டு பாதி மாறி மாறி வருவதைக் காட்டி, பாசி, பெரணி, ஊசியிலை மரங்கள் எல்லாவற்றையும் ஒரே சங்கிலியில் கோத்தார். அவர் புத்தகக் கடைக்காரர், பல்கலைக்கழகப் பட்டம் இல்லாதவர் என்பதை மாணவர்களிடம் சொல்லாமல் விடுவதில்லை. தகடு வெறும் இடைக்காலம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி: அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைக்குகைகளில் ஒரு பெரணி வகை தகடாகவே வாழ்கிறது. அதற்கு வளர்ந்த இலைச்செடியை யாரும் கண்டதில்லை. தகட்டின் ஓரத்திலிருந்து துண்டு பிரிந்து புதுத் தகடு, அதிலிருந்து இன்னொன்று என்று காலம் தள்ளுகிறது.

அடுத்து "தண்டே இல்லை" என்ற குறை. தண்டு இருக்கிறது, மண்ணுக்குள் படுத்திருக்கிறது. நீங்கள் கிளை என்று நினைப்பது கிளையில்லை. அடியிலிருந்து நுனி வரை, இரண்டு பக்கமும் சீப்புப் பல் மாதிரி நிற்கும் எல்லாமும் சேர்ந்து ஒரே இலை. அந்த இலை முளைக்கும்போது மரவட்டையைத் தொட்டால் சுருளுமே, அப்படிச் சுருண்டு வரும். மொட்டில் இலையின் வெளிப்பக்கம் வேகமாக வளர்வதால் சுருள், பிறகு உட்பக்கம் ஈடுகட்டி வளரும்போது பிரிகிறது. வளர்ச்சி நடக்கும் இளநுனி நடுவில் பத்திரமாக இருக்கும். அந்தச் சுருளின்மேல் பழுப்புச் செதில்களும் பூனை ரோமமும் போர்த்தியிருப்பதைத் தொட்டுப் பாருங்கள்.

பெரணியின் தண்டை நீங்கள் குடித்தேகூட இருப்பீர்கள். ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் முடவாட்டுக்கால் என்று விற்கிறார்களே, மிளகு சீரகம் தட்டிப் போட்டு சூப் வைப்பார்களே, அது ட்ரைனேரியா என்ற பெரணி. கிழங்கு என்று சொன்னாலும் அது பாறையிலும் மரத்திலும் படர்ந்து ஓடும் தண்டு. மேலே பழுப்பு ரோமம் அடர்ந்து ஆட்டுக்கால் மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். அந்த ரோமம் இளஞ்சுருளின் மேல் பார்த்த அதே செதில்தான். ரோமத்தைச் சீவிவிட்டுக் குறுக்கே வெட்டினால் சதைக்குள் வட்டமாகச் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரியும். நீரும் உணவும் போகும் குழாய்க் கற்றைகள் அவை. பாசிக்கு இல்லாத இந்தக் குழாய்கள்தான் பெரணியை நிமிர்த்தி வைத்தன. இதே செடியில் இரண்டு விதமான இலை: நீண்ட பச்சை இலை சமையலும் ஸ்போரும் பார்த்துக்கொள்ளும், காம்பில்லாத பழுப்பு இலை கிண்ணம்போல நின்று விழும் சருகைப் பிடித்து மட்கவைக்கும், வேர் அதற்குள் போய்ச் சாப்பிடும். மண்ணே இல்லாத பாறையில் தனக்கான தொட்டியைத் தானே செய்துகொள்கிறது. விற்பவர்கள் சொல்லும் நோய்ப் பட்டியலுக்குள் நான் போகவில்லை. ஆனால் பாறையோடு பெயர்த்தெடுத்த தண்டு அவ்வளவு சீக்கிரம் திரும்ப வளராது.

இலக்கியத்திலும் ஒரு பெரணி ஒளிந்திருக்கிறது. கம்பர் ஔவையாரைச் சீண்டி ஒற்றைக் காலும் நாலு இலைப் பந்தலும் என்று விடுகதை போட, அவர் வசையோடு விடை சொன்ன கதை எல்லோருக்கும் தெரியும். விடை ஆரை. வயலோரம் பறித்துக் கடையும் அந்த ஆரைக்கீரை பூக்காது, காய்க்காது. இளம் இலை சுருண்டுதான் முளைக்கும். காம்படியில் பயறு மாதிரி இருப்பது காயில்லை, ஸ்போர்களை அடைத்த பெட்டி. குளம் வற்றினாலும் அது வருடக்கணக்கில் காய்ந்து கிடந்து காத்திருக்கும். மாட்டுக்குத் தீவனமாகத் தொட்டியில் வளர்க்கும் அசோலாவும் பெரணிதான்.

சரி, உங்கள் செடிக்குத் திரும்புவோம். நெப்ரோலெப்பிஸ் மண்மேல் நூல் மாதிரிக் கொடிகளை ஓடவிடும். அவை தொடும் இடத்தில் புதுச் செடி வரும், வெட்டி நட்டுக்கொள்ளலாம், எளிய வழி இதுதான். ஸ்போரில் வளர்த்துப் பார்க்க ஆசையிருந்தால், புள்ளி பழுத்த இலைத்துண்டை வெள்ளைத் தாளில் மடித்து இரண்டு நாள் வையுங்கள், தூள் தாளில் படியும். செங்கல் துண்டிலோ தென்னைநார்க் கழிவிலோ கொதிநீர் ஊற்றி ஆறவைத்து, தூளைத் தூவி, பாலிதீன் உறையால் மூடி, நேரடி வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். சில வாரங்களில் பச்சைப் படலம், இரண்டு மூன்று மாதத்தில் குட்டி இதயங்கள். அப்போது தண்ணீரைத் தெளிக்க மறக்காதீர்கள், நீச்சலுக்கு அது வேண்டும். கடையில் வரும் ஒட்டுரக வகைகள் சிலவற்றில் ஸ்போர் மலடாக இருக்கும், முளைக்காவிட்டால் உங்கள் கைராசியைக் குறை சொல்ல வேண்டாம்.

அதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். உங்களுடையது மண்தொட்டி என்றால், அதன் வெளிப்பக்கத்தில் ஈரம் கசிந்து பச்சை பிடித்திருக்கும் இடத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். பாசி என்று நினைத்து நீங்கள் தேய்த்துக் கழுவ இருந்ததில் இதய வடிவில் இரண்டு மூன்று இருந்தாலும் இருக்கும்.